அக்னித் தலத்தில் ஒரு மதர்போர்டு

உயர்ரக மதர்போர்டுகளைச் சோதித்து மதிப்பெண் போடுபவர்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் அந்த வேலையைச் செய்கிறார்கள். போர்டைக் கேபினட்டுக்குள் அடைக்காமல் மேசைமேல் திறந்தபடி வைத்து ஓட்டுவதும் வழக்கம். சித்திரை மாதத் திருவண்ணாமலையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்கும் அந்தச் சோதனைக்கூடத்துக்கும் சம்பந்தமே இல்லை. பகலில் வெளியே 40 டிகிரி. வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை இரவு பத்து மணிக்கும் அனலை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். படிப்பும் வேலையும் முடிந்து பிள்ளைகள் விளையாட உட்காரும் நேரமும் அதுதான். ஐம்பூதத் தலங்களில் தங்கள் ஊர் நெருப்புக்கு உரியது என்பதை ஊர்க்காரர்களுக்குக் கோடையில் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

விளையாட்டில் வினாடிக்கு எத்தனை ஃபிரேம் வரும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மதர்போர்டிடமிருந்து எப்போதோ கைமாறிவிட்டது. இன்று அதற்கு இருப்பது இரண்டு பெரிய வேலைகள்: பிராசசருக்கு வேண்டிய பக்குவத்தில் மின்சாரத்தைக் கொடுப்பது, மின்சைகைகளைச் சிதையாமல் கொண்டுசேர்ப்பது. இவ்விரண்டையும் சூடான காற்றிலும் ஏறி இறங்கும் கரண்டிலும் பல ஆண்டுகள் தளராமல் செய்யும் போர்டுதான் இந்த ஊருக்கு உயர்ரகப் போர்டு. விலைச்சீட்டு அதைச் சொல்லாது.

கைமாறிய கதையை முதலில் பார்த்துவிடலாம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரே பிராசசரை இரண்டு வேறு போர்டுகளில் மாட்டினால் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபடும். ரேமுடன் பேசும் சுற்று பிராசசருக்குள் இல்லாமல் போர்டிலிருந்த நார்த்பிரிட்ஜ் என்னும் சில்லில் இருந்ததே காரணம். 2002-இல் என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 சில்லுக்காகவே பலர் போர்டு வாங்கினார்கள். 2003-இல் ஏஎம்டி தன் அத்லான் 64 வரிசையில் ரேம் கட்டுப்பாட்டைப் பிராசசருக்குள் கொண்டுபோனது. இன்டெல் 2008-இல் கோர் ஐ7 பிராசசரில் அதையே செய்தது. கிராபிக்ஸ் கார்டுக்கான வழித்தடங்களும் அடுத்த ஆண்டே உள்ளே போயின. நார்த்பிரிட்ஜ் மறைந்தது. அதோடு, போர்டை மாற்றி வேகம் கூட்டும் காலமும் முடிந்தது.

2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசரைப் பதினைந்து, இருபது ஆயிரம் ரூபாய் பி650 போர்டிலும், ஐம்பதாயிரத்தைத் தாண்டும் எக்ஸ்870இ போர்டிலும் மாட்டி ஒரே விளையாட்டை ஓட்டினால் வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். மிஞ்சும் முப்பதாயிரத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் திரையில் தெரியும். போர்டை மட்டும் பார்த்துப் பணத்தை இறைக்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். இதற்குப் பிறகும் நல்ல போர்டு வேண்டும் என்பவருக்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவை எல்லாமே வெப்பம், மின்சாரம், ஆயுள் என்ற பக்கத்தில் இருக்கின்றன.

எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு அனுப்புவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியதோ 1 வோல்ட்டுக்குச் சற்று மேல். அந்த இறக்கத்தைச் செய்யும் சுற்றைத்தான் விஆர்எம் என்கிறோம். சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் கறுப்புச் சதுரங்களான இண்டக்டர்கள், அவற்றுக்குப் பக்கத்தில் மாஸ்ஃபெட் சில்லுகள், அவற்றின்மேல் அலுமினிய ஹீட்சிங்க், எல்லாம் சேர்ந்தது அது. மாஸ்ஃபெட் வினாடிக்குப் பல லட்சம் முறை 12 வோல்ட்டைத் திறந்து மூடுகிறது. அந்தத் துடிப்புகளை இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சமப்படுத்தி நேரான 1.1 வோல்ட்டாக ஆக்குகின்றன. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடவேண்டும். 9800எக்ஸ்3டி இழுக்கக்கூடிய உச்சவரம்பு 162 வாட். 1.1 வோல்ட்டில் அது 140 ஆம்பியரைத் தாண்டும். வீட்டில் ஒன்றரை டன் ஏசி ஓடும்போது அதன் வயரில் பாய்வது பத்து ஆம்பியருக்குள்தான். கைக்குட்டை அளவு இடத்தில் இத்தனை ஆம்பியரைச் சூடில்லாமல் கொண்டுபோவது எளிதான பொறியியல் அல்ல.

தேர்வடத்தைப் பத்துப் பேர் பிடித்தால் கை கிழியும், நூறு பேர் பிடித்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் பாரம். விஆர்எம்மில் ஃபேஸ் என்று எண்ணிச் சொல்வதும் அந்தப் பகிர்வையே. ஆனால் இதில் கிடைக்கும் ஆதாயம் வடத்தில் கிடைப்பதைவிடப் பெரியது. தடையில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 144 ஆம்பியரை ஆறு ஃபேஸ் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 24 ஆம்பியர். 24-இன் வர்க்கம் 576, ஆறு மடங்கு 3,456. பதினெட்டு ஃபேஸ் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியர். 64-ஐப் பதினெட்டால் பெருக்கினால் 1,152. அதே மின்சாரம், அதே வகை மாஸ்ஃபெட், தடை வெப்பம் மூன்றில் ஒரு பங்கு. உயர்ரகப் போர்டுக்குக் கொடுக்கும் விலையில் இயற்பியல் துணைநிற்கும் பகுதி இது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒவ்வொரு மாஸ்ஃபெட்டும் திறந்து மூடும்போதெல்லாம் கொஞ்சம் ஆற்றல் வீணாகும். ஃபேஸ் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். விளையாடும்போது 9800எக்ஸ்3டி பெரும்பாலும் நூறு வாட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்தச் சுமைக்கு எட்டு, பத்து நல்ல ஃபேஸ் தாராளம். 110 ஆம்பியர் தாங்கும் மாஸ்ஃபெட் பதினெட்டு என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைக் கூட்டினால் 1,980 ஆம்பியர் வரும். எந்த விளையாட்டுப் பிராசசரும் அதன் பக்கத்தில்கூடப் போகாது. 230 வாட் வரை போகும் ரைசன் 9 9950எக்ஸ் வாங்கி, பகலில் வீடியோ எடிட்டிங்கும் இரவில் விளையாட்டும் வைத்துக்கொள்பவருக்குத்தான் அந்தப் பெரிய படை தேவை.

இப்போது ஊரின் வெப்பத்துக்கு வருவோம். ஒரு ஹீட்சிங்க் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி சூடாகும் என்பதைத்தான் அதன் வடிவம் தீர்மானிக்கிறது. காற்றே சூடாக இருந்தால் அந்தச் சூடு அப்படியே மேலே ஏறி உட்காரும். 22 டிகிரி அறையில் 62 டிகிரி காட்டிய விஆர்எம், 38 டிகிரி அறையில் கேபினட்டுக்குள் இன்னும் பத்து டிகிரி சேர்ந்தால் 88-க்குப் போகும். கதை அதோடு நிற்பதில்லை. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும், மாஸ்ஃபெட்டின் தடையும் சூட்டில் ஏறும். சூடு தடையைக் கூட்ட, தடை மேலும் சூட்டைக் கூட்டும். சோதனைக்கூடத்தில் இரண்டு போர்டுகளுக்கு நடுவே சிறிதாகத் தெரிந்த இடைவெளி இங்கே விரிவது இதனால்தான்.

88 டிகிரி மாஸ்ஃபெட்டைக் கொல்லாது. நூறைத் தாண்டியும் வேலை செய்யும்படிதான் அதை வடிவமைக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் நிற்கும் கெப்பாசிட்டர்தான் கவலைக்குரியது. இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளில் உலகம் முழுக்க மதர்போர்டுகளின் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்து, லட்சக்கணக்கான கணினிகள் குப்பைக்குப் போனதை அந்தக் காலத்து சர்வீஸ்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே இருந்த திரவ மின்பகுளியின் கோளாறு அது. இன்று நல்ல போர்டுகளில் இருப்பது திடப் பாலிமர் கெப்பாசிட்டர். பழைய வகையின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி குறைவுக்கும் இரு மடங்காகும். பாலிமர் வகையில் இருபது டிகிரி குறைந்தால் பத்து மடங்கு. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்று எழுதியிருக்கும் பாலிமர் கெப்பாசிட்டர் 85 டிகிரியில் 50,000 மணி, 65 டிகிரியில் 5 லட்சம் மணி தாங்கும் என்பது கணக்கு. விஆர்எம் பக்கத்தை இருபது டிகிரி குளிர வைக்கும் ஹீட்சிங்க்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் இங்கே வேலை செய்கிறது.

கடையில் படத்தைப் பார்த்து இதை ஓரளவு கணிக்கலாம். மெல்லிய தகடுகளாக வெட்டிய அலுமினியம், நடுவே காற்று புகும் இடைவெளி, இரண்டு ஹீட்சிங்க்குகளை இணைக்கும் செம்புக் குழாய் இருந்தால் அது வெப்பத்துக்காகச் செய்தது. வழவழப்பான பெரிய கட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் மூடி, மூடியில் வண்ண விளக்கு என்றால் அது கண்ணாடிக் கேபினட்டுக்காகச் செய்தது. எல்இடி திரை வைத்த போர்டுகளுக்குக் கேட்கும் விலை எனக்கு வருத்தம் தருகிறது. அந்தப் பணத்தில் இன்னொரு நல்ல கேபினட் விசிறியும் ஒரு யுபிஎஸ்ஸும் வந்துவிடும்.

அடுத்தது சைகைகள். மதர்போர்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தால் ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே செம்புக்கோடுகள் பாம்பு நெளிவது போல வளைந்து போவது தெரியும். குறுக்கே நேராக வரைந்திருக்கலாமே என்று தோன்றும். கண்ணாடியிழைப் பலகையில் மின்சைகை ஒரு நானோ வினாடியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் போகும். டிடிஆர்5 ரேம் 6,000 வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பிட்டுக்கும் கிடைக்கும் நேரம் ஒரு நானோ வினாடியில் ஆறில் ஒரு பங்கு. அதற்குள் சைகை நகர்வது இரண்டரை சென்டிமீட்டர். ஒன்றாகப் புறப்பட்ட பிட்டுகள் ஒன்றாக வந்துசேர வேண்டுமானால் எல்லாக் கோடுகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஆகவே குறுகிய பாதையை நெளித்து நீட்டுகிறார்கள். பிசிஐஇ 5.0 வழித்தடத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். அங்கே ஒரு பிட் கடக்கும் தூரம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு.

மலிவுப் பலகையில் நான்கு அடுக்கு, நடுத்தரத்தில் ஆறு, உயர்ரகத்தில் எட்டு, பத்து என்று செம்பு அடுக்குகள் கூடுவது இந்த வேலைக்காகத்தான். கோடுகளுக்கு மேலும் கீழும் தரைத்தளச் செம்பு இருந்தால் பக்கத்துக் கோட்டின் இரைச்சல் தொற்றாது. அதே செம்பு விஆர்எம் சூட்டையும் பலகை முழுக்கப் பரப்பும். இந்த ரைசன்கள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் விளையாட்டுக்கு 6,000 வேகத்தில் இரண்டு ரேம் குச்சிகள் போதும், ஆறடுக்குப் பலகை அதைச் சிரமமில்லாமல் தாங்கும். நான்கு குச்சி மாட்டினால் ஏஎம்டி ரைசன் 7000 வரிசைக்கு உறுதியளிக்கும் வேகம் 3,600-க்கு இறங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போர்டும் அந்த உறுதியை உயர்த்தித் தராது. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி குச்சி இரண்டாக ஒரே பெட்டியில் வாங்குவது சரி.

எக்ஸ்870இ போர்டுகளில் ஒரு மறைவான சிக்கல் இருக்கிறது. ரைசன் 9000 பிராசசரிலிருந்து வெளியே வரும் பிசிஐஇ தடங்கள் 28. கிராபிக்ஸ் கார்டுக்குப் பதினாறு, முதல் எஸ்எஸ்டிக்கு நான்கு, சிப்செட்டுக்கு நான்கு போனால் மிஞ்சுவது நான்கு. எக்ஸ்870இ போர்டில் யுஎஸ்பி4 கட்டாயம் என்று ஏஎம்டி வைத்துவிட்டதால் பெரும்பாலும் அது அந்த நான்கை எடுத்துக்கொள்கிறது. பிறகு இரண்டாவது 5.0 எஸ்எஸ்டிக்குத் தடம் எங்கிருந்து வரும்? பல போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டின் பதினாறிலிருந்து எடுத்து அதை எட்டாகக் குறைக்கிறார்கள். 5.0 கார்டுக்கு எட்டுத் தடமும் ஒரு திசையில் வினாடிக்கு 32 ஜிகாபைட் கொடுக்கும் என்பதால் விளையாட்டில் இழப்பு சொற்பமே. ஆனால் ஐம்பதாயிரம் கொடுத்தவர் இதைத் தெரிந்து கொடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அந்தப் போர்டின் கையேட்டைத் தரவிறக்கி, எந்த எம்.2 துளையை நிரப்பினால் எது அணைகிறது என்ற அட்டவணையைப் படிப்பது அரைமணி நேர வேலை. இந்த ஊருக்கு 5.0 எஸ்எஸ்டியே வேண்டாம் என்பேன். அது மிகவும் சூடாகும், கிராபிக்ஸ் கார்டின் அனலும் அதன்மேல் அடிக்கும். விளையாட்டு திறக்கும் நேரமோ 4.0 எஸ்எஸ்டியைவிட ஒரு கணம்தான் முந்தும்.

போர்டின் மென்பொருளைப் பற்றிப் பேசாமல் வன்பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டின. 2023 ஏப்ரலில் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டிலேயே கருகின. ரேமின் வேகச் சுயவிவரத்தை இயக்கியதும் பிராசசருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கான எஸ்ஓசி வோல்ட்டைப் போர்டுகள் அளவுக்கு மீறி ஏற்றியது தெரியவந்து, 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி ஏஎம்டி பூட்டுப் போட்டது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் நிலைகுலைந்தன. பிராசசர் அளவுக்கு மீறிய வோல்ட்டைக் கேட்டது என்று இன்டெல் கண்டுபிடித்து ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. மின்வரம்பைத் தளர்த்திவிட்டுப் போட்டியில் முந்தப் பார்த்த போர்டு அமைப்புகளும் அந்தக் காலத்தில் விவாதத்துக்கு வந்தன. பயாஸ் என்னும் அந்த மென்பொருளுக்குத் திருத்தம் விடாமல் வெளிவரும் போர்டை வாங்குவதும், வாங்கியதும் திருத்துவதும் பிராசசரைக் காப்பாற்றும் வேலை.

பிராசசர் மாட்டாமலேயே பென்டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் ஒன்று பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பிராசசரைப் பழைய பயாஸ் அடையாளம் காணாமல் போனால், சென்னையில் பக்கத்துக் கடையில் வேறொரு பிராசசர் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். சுமார் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அந்தப் பொத்தான்தான் கடைக்காரர். கோளாறை இரண்டு எழுத்தில் காட்டும் சின்னத் திரையும் இதே காரணத்தால் பயனுள்ளது. தொலைபேசியில் அந்தக் குறியீட்டைச் சொன்னால் போதும், ரேமா, கிராபிக்ஸ் கார்டா என்று சர்வீஸ்காரர் ஊகித்துவிடுவார். பயாஸ் எழுதும் சில நிமிடங்களில் கரண்ட் போகக்கூடாது. யுபிஎஸ் இல்லாமல் அதில் கைவைக்க வேண்டாம்.

கரண்ட் என்றதும் எர்த்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணினியின் இரும்புக் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று கடிப்பது நம் வீடுகளில் சாதாரணம். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று வீட்டு மின்சாரத்தின் ஃபேஸ் கம்பியிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் அவை கொண்டுவரும் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினட் 230-இல் பாதியில், அதாவது 115 வோல்ட் அருகில் மிதக்கும். பாயக்கூடிய மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் யுஎஸ்பி கம்பியையோ மானிட்டர் கம்பியையோ செருகினால் அந்த வோல்ட் போர்டின் சைகைக்கோடுகள் வழியே வழி தேடும். ஹெட்போனில் ரீங்காரமாகக் கேட்பதும் இதுவே. போர்டில் எத்தனை உயர்ந்த ஒலிச்சில்லு வைத்தாலும் இது தீராது.

மலையடிவார ஊர்களில் இந்தப் பிரச்சினை கூடுதல். பாறைக்கு மேல் மெல்லிய மண், கோடையில் அதுவும் காய்ந்துபோகும், மண்ணின் தடை ஏறும். கரியும் உப்பும் போட்டு இறக்கிய எர்த் குழியில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பழைய எலக்ட்ரீஷியன்கள் சொல்வது முழு அறிவியல்: ஈரம் இருந்தால்தான் உப்பின் அயனிகள் நகரும். ஐம்பதாயிரம் ரூபாய்ப் போர்டை இறக்குவதற்கு முன் எர்த் டெஸ்டருடன் ஒருவரை வரவழைத்து அளந்து, தடை 5 ஓமுக்குக் கீழே இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் சர்ஜ் பாதுகாப்பெல்லாம் மிகுமின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடுதான். எர்த் இல்லாத வீட்டில் அது திருப்பிவிட இடமே இல்லை.

கோடை இடியும் ஐப்பசி மழைக்கால இடியும் போர்டுக்குள் நுழையும் இன்னொரு வாசல் லேன் போர்ட். மாடிக்கு மாடி தொங்கும் நீளமான செம்புக் கேபிளில், பக்கத்தில் எங்கோ விழுந்த இடியும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டும். லேன் போர்ட்டிலுள்ள தனிமைப்படுத்தும் மின்மாற்றி தாங்க வேண்டிய சோதனை அளவு 1,500 வோல்ட். இடிக்கு அது போதாது. அறைக்குள் வரை ஃபைபர் இழுத்து, கடைசி இரண்டு மீட்டர் மட்டும் செம்பு வைத்தால் அந்த வாசல் பெருமளவு அடைபடும். 5 ஜிகாபிட், 10 ஜிகாபிட் லேனுக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. இணைய விளையாட்டு கேட்பது வினாடிக்கு ஒரு மெகாபிட் அளவில்தான்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், 9800எக்ஸ்3டி போன்ற பிராசசருடன் திருவண்ணாமலையில் விளையாடப்போகிறவருக்கு என் தேர்வு நல்ல ஹீட்சிங்க், பாலிமர் கெப்பாசிட்டர், பயாஸ் பொத்தான் உள்ள பி650இ அல்லது பி850 போர்டு. இருபத்தைந்தாயிரத்துக்குள் அடங்கும். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. முந்தைய ஏஎம்4-இல், 2017-இல் வாங்கிய பல போர்டுகள் 2022-இன் 5800எக்ஸ்3டியை ஏற்றுக்கொண்டன. பிராசசர் மாறியும் போர்டு அப்படியே இருக்கப்போகிறது என்பதால் ஆயுளுக்குச் செலவழிப்பதில் தயங்க வேண்டாம். எக்ஸ்870இ போர்டுக்குப் போவதற்கு உண்மையான காரணங்கள் யுஎஸ்பி4 கருவிகளும், மூன்று நான்கு எஸ்எஸ்டிகளும், 230 வாட் பிராசசரும்.

வாங்குவது சென்னை ரிச்சி தெருவில் என்றாலும் உள்ளூர்க் கடையில் சொல்லி வரவழைத்தாலும், கடைக்காரர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து சாக்கெட்டின் மூடியை எடுத்துப் பாருங்கள். ஏஎம்5-இல் 1,718 நுண்ணிய கம்பிகள் போர்டில்தான் இருக்கின்றன, பிராசசரில் அல்ல. வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் எல்லாம் ஒரே வரிசையில் மின்ன வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் வரிசை உடைந்து தெரியும். அப்படியே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வரிசை எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கம்பி வளைந்த போர்டை வாரண்டியில் எடுப்பதில்லை. பிராசசரை மாட்டியதும் கழன்று வரும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாமல் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். மூன்றாண்டு வாரண்டிக்குள் போர்டைச் சென்னைக்கு அனுப்ப நேர்ந்தால் சேவை மையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.